நானூறு மீட்டர்

ஏழாயிரம் என்ற எண்ணில்தான் மூத்தவள் மூன்று நாட்களாகச் சிக்கிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேஜை முழுக்க ஒரு பழைய வரைபடம். சுருண்டுவிடாமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு எடைக்கற்கள். பக்கத்தில் அப்பாவின் நோட்டு, ஒரு கவராயம், ஆறிப்போன காப்பி. பீரங்கிகள் நின்ற பள்ளத்தாக்கிலிருந்து மலைமேல் இருந்த எதிரியின் பதுங்குகுழி வரை அளந்தால் ஏழாயிரத்து நானூறு மீட்டர் வந்தது. பத்துமுறை அளந்துவிட்டாள். பத்துமுறையும் அதேதான்.

ஆனால் தாக்குதல் அன்று காலை ஐந்து நாற்பதுக்கு அப்பா வயர்லெஸ்ஸில் சொன்ன இலக்கு, பீரங்கியிலிருந்து ஏழாயிரம் மீட்டரில் இருந்தது. அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஏழாயிரத்தில் எதிரி யாரும் இல்லை. அந்தப் பாறைச் சரிவில் முகத்தை மண்ணில் பதித்துப் படுத்திருந்தவர்கள் அப்பாவின் ஆட்கள், ஒன்பது பேர். பீரங்கி ஓய்ந்ததும் எழுந்து மேலே ஓட வேண்டியவர்கள். அவர்களை அங்கே படுக்கச் சொன்னவரே அப்பாதான்.

பிறகு ஏன் அந்த இடத்தையே இலக்காகச் சொன்னார்?

அப்பா, அதாவது மேஜர், இறந்து ஆறு வாரம் ஆகிறது. அன்று அந்தப் பீரங்கிகளைச் சுட்டவர், அதன்பின் அவரோடு முப்பத்தெட்டு வருடம் பேசாமலே இருந்த கர்னல், இறந்து பன்னிரண்டு நாள். ஓய்வு பெற்ற அதிகாரிகள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை அவர் வீட்டார் எழுதக் கூடாது. அவருக்கு முன்னால் இறந்தவரின் வீட்டார்தான் எழுதி, நினைவுக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். சொந்த வீட்டார் எழுதினால் செத்தவர் எல்லாரும் தெய்வமாகிவிடுகிறார்கள் என்று யாரோ ஒரு பிரிகேடியர் போட்ட விதி. அதன்படி கர்னலைப் பற்றி எழுத வேண்டியது மேஜரின் மகள்.

கூட்டம் இன்று மாலை ஐந்து மணிக்கு. வாசிப்பது அப்படியே பதிவுப் புத்தகத்தில் ஏறும். விசாரணையில் 'எதிரியின் குண்டு' என்று எழுதி மூன்றே நாளில் கோப்பை மூடியிருந்தார்கள். அது பொய் என்று தெரிந்தது இரண்டே குடும்பங்களுக்கு. ஒன்பது பேரைக் கொன்றது உன் அப்பாதான் என்று இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒன்று, மூத்தவள் இன்று அதைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் காலத்துக்கும் விழுங்க வேண்டும்.

"அந்தப் பக்கத்தை விட்டுட்டு எழுதேன்டி" என்றாள் அம்மா. "பொறந்தார், பட்டாளத்துல சேர்ந்தார், மெடல் வாங்கினார், போய்ச் சேர்ந்தார். போதாதா?"

"நடுவுல ஒன்பது பேர் செத்தாங்களேம்மா."

ஒன்பது என்ற எண்ணை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மேஜர் இருந்தவரை எந்தப் பொருளும் வீட்டில் ஒன்பதாக இருக்க விட்டதில்லை. கூடையில் ஒன்பது முட்டை இருந்தால் ஒன்றை எடுத்துச் சுவரில் அடிப்பார். மஞ்சள் கரு வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு அவரே துடைப்பார்.

வாசலில் பைக் வந்து நின்றது. தம்பி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வீட்டில் அவனுக்குப் பெயர் குக்கர். மூன்று விசில் வரை தாங்குவான். நாலாவதற்கு யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

"எழுதிட்டியாக்கா? கர்னல்தான் கொன்னான்னு எழுது. நான் வந்து பக்கத்துல நிக்கறேன். எவன் எந்திரிக்கறான்னு பாக்கலாம்."

"நீ நின்னா எவனும் எந்திரிக்க மாட்டான்டா. அதுக்காக அது உண்மையாயிடுமா?"

"அப்போ அப்பாதான் கொன்னாரா?"

"தெரியலைன்னு சொல்றேன்."

குக்கர் இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். அந்த எலும்பு கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தில் கர்னலின் மகன் எல்லார் முன்னாலும், "உங்கப்பன் சொந்த ஆளுங்களையே கொன்னவன்" என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து, "நிஜமாப்பா?" என்று கேட்டதற்கு மேஜர் கொடுத்த பதில் அந்த மணிக்கட்டு. கதவிடுக்கில் கையை வைத்துச் சாத்தினார். அதன்பின் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியெல்லாம் அழுதார். இரண்டும் அவர்தான்.

போன் அடித்தது. சங்கத்தின் செயலாளர். எண்பது வயது. பட்டாளத்தில் உணவு வழங்கும் பிரிவில் இருந்ததால் 'ரேஷன் கேப்டன்' என்றே இன்னும் பெயர்.

"ஏம்மா, கர்னல் பையன், அந்தப் பல் டாக்டர், ஒருவழியா அவங்கப்பாவோட பீரங்கி லாக் புத்தகத்தைக் கொண்டுவந்துட்டார். உடனே வா. ஆனா உன் தம்பியைக் கூட்டிட்டு வராதே."

"வண்டி ஓட்டறதே அவன்தான் சார்."

"அப்போ பழைய கத்திங்க இருக்கற கண்ணாடிப் பெட்டியைப் பூட்டி வைக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

---

சங்கக் கூடத்தில் நாற்காலிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் சின்ன அறை. சுவரோரம் பூட்டிய கண்ணாடிப் பெட்டி, மூலையில் கொடிக்கம்பங்கள். ஜன்னலோரம் பித்தளையில் ஒரு காலிக் குண்டுக்கூடு. அதில் காகிதப் பூக்கள் செருகியிருந்தார்கள். ஏழெட்டுக் கிலோ இருக்கும் என்று மூத்தவளின் கண் தானாகவே எடை போட்டது. அவள் தொழில் அது. நகைக்கடைத் தராசிலிருந்து லாரி ஏற்றும் எடை மேடை வரை எது தப்பாகக் காட்டினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

பல் டாக்டர் எழுந்து, கூடவே வந்திருந்த அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். "வாங்க ஆன்ட்டி."

குக்கரைப் பார்க்கவில்லை. குக்கரும் அவரைப் பார்க்காமல் கொடிக்கம்பங்களைப் பார்த்தான்.

"விதின்னு இருக்கறதால குடுக்கறேன்" என்று தடித்த புத்தகத்தை மேஜையில் வைத்தார் டாக்டர். "படிச்சா யார் தப்புன்னு உங்களுக்கே தெரியும்."

மூத்தவள் அப்பாவின் நோட்டை அதன் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் அந்த இரண்டும் ஒரே மேஜைக்கு வருவது இதுதான் முதல்முறை.

கர்னலின் புத்தகத்தில் அதே தேதி. அதே ஐந்து நாற்பது.

வந்த இலக்கு: 7000. சுட்ட தூரம்: 6600.

குக்கர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "நில்லுக்கா. நம்மப்பா ஏழாயிரம்னு சொல்லியிருக்காரு. இவங்கப்பன் ஆறாயிரத்து அறுநூறுக்குச் சுட்டிருக்கான். சொன்னதைச் சுடாம இஷ்டத்துக்குச் சுட்டிருக்கான்!"

"டேய், மரியாதை." டாக்டரின் குரல் உயர்ந்தது. "குண்டு எங்கடா விழுந்தது? ஏழாயிரத்துல. உங்கப்பன் சொன்ன இடத்துலயே விழுந்திருக்கு. அங்க யாரு இருந்தா? அவன் ஆளுங்க. சொந்த ஆளு படுத்திருக்கற இடத்துக்குக் கொள்ளி வைக்கச் சொன்னவன் எவன்?"

"ஒரு நிமிஷம்" என்றாள் மூத்தவள். "ஆறாயிரத்து அறுநூறுக்குச் சுட்டது ஏழாயிரத்துல எப்படி விழும்?"

யாரும் கேட்கவில்லை.

"உங்கப்பன் குடிச்சிருந்தான்" என்றார் டாக்டர். "அன்னிக்குச் சாயங்காலம் எங்கப்பா எல்லார் முன்னாடியும் அவனை அறைஞ்சாரே, எதுக்குன்னு நினைச்ச?"

"அறை வாங்கிட்டு எங்கப்பா துப்பாக்கிய எடுத்து உங்கப்பன் நெத்தியில வெச்சாரே, அது தெரியுமா? அன்னிக்கே சுட்டுத் தொலைச்சிருக்கணும்."

"சுடத் தெரிஞ்சாத்தானே?"

அதுதான் நாலாவது விசில்.

காகிதப் பூக்கள் பறந்தன. குண்டுக்கூட்டைக் குக்கர் இரண்டு கையாலும் வளைத்து வீசியதை மூத்தவள் பார்த்தாள், நிறுத்த நேரமில்லை. பித்தளையின் விளிம்பு டாக்டரின் வாயில் மோதியது. சத்தம் பெரிதாக இல்லை. தட்டு உடைவதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். டாக்டர் சுவரில் சாய்ந்து சரிந்தார். சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவந்தது. குக்கர் அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கித் தலையைக் கண்ணாடிப் பெட்டியில் மோதினான். பூட்டி என்ன பயன்? கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாம் முறை மோதினான்.

மூன்றாம் முறைக்குள் டாக்டரின் கை ஒரு கொடிக்கம்பத்தைத் தேடிப் பிடித்துவிட்டது. கம்பத்தின் முனையில் வேல்போல ஓர் இரும்பு. அதைக் குக்கரின் தொடையில் இறக்கினார். இறக்கித் திருகினார்.

குக்கர் அலறியது கூடம் வரை கேட்டது. அப்படியும் பிடியை விடவில்லை. ரத்தம் வழுக்க இருவரும் கண்ணாடிச் சில்லின் மேலேயே உருண்டார்கள். ஒருவன் மற்றவன் தொண்டையை நெரிக்க, மற்றவன் இவன் கண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

ரேஷன் கேப்டன் உள்ளே வந்தார். ஒரு வினாடி பார்த்தார். கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியால் ஆளுக்கொரு அடி மண்டையில் வைத்தார். "அட்டென்ஷன்!"

பட்டாளத்துப் பிள்ளைகள். சண்டை நின்றுவிட்டது.

---

எதிரே இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்து குக்கரின் தொடையில் ஆறு தையல் போட்டாள். கேப்டன் போலீஸுக்குப் போன் செய்துவிட்டார். டாக்டர் வாயில் பஞ்சோடு, தரையில் கிடந்த தன் பற்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

"முன்பல்லு ரெண்டும் போச்சு. எனக்கு நானே வெச்சுக்கவா முடியும், பாவி!"

"கண்ணாடி பாத்து வெச்சுக்க" என்றான் குக்கர் பல்லைக் கடித்தபடி.

"வாயை மூடுங்கடா ரெண்டு பேரும்" என்றாள் அம்மா. அவள் குரலை உயர்த்தி அவர்கள் கேட்டதே இல்லை. மூடிக்கொண்டார்கள்.

மூத்தவள் மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை. லாக் புத்தகத்தின் மேல் தெறித்திருந்த ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள்.

"டாக்டர், நான் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்க. ஆறாயிரத்து அறுநூறுக்குச் சுட்ட குண்டு எப்படி ஏழாயிரத்துக்குப் போச்சு?"

டாக்டர் பஞ்சைத் துப்பினார். "மலையில குண்டு தள்ளித்தான் விழும். காத்து மெலிசு. ஓரத்துல எழுதியிருக்காரு பாருங்க. எங்கப்பா அதுக்காகத்தான் கழிச்சாரு. கணக்கு தெரிஞ்ச மனுஷன்."

ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்து இருந்தது. 'மலைக்காற்று. 400 கழி. அவன் இதை யோசிக்க மாட்டான்.'

மூத்தவளின் விரல் அந்த வரியிலேயே நின்றது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பீரங்கியை எவ்வளவு தூக்கினால் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு அட்டவணைப் புத்தகம் உண்டு. அது சமவெளியில் சுட்டுப் பார்த்துப் போட்டது. பறக்கிற குண்டுக்குக் காற்றுதான் பிரேக். உயரத்துக்குப் போகப் போகக் காற்று மெலிகிறது, பிரேக் குறைகிறது. அதனால் அட்டவணை சொல்வதைவிடக் குண்டு தள்ளிப்போய் விழும். அந்த மலையில் அது நானூறு மீட்டர். ஆகவே சுடுவதற்கு முன் தூரத்தில் நானூறைக் கழிக்க வேண்டும். கழித்தால் சரியாக விழும்.

கர்னல் கழித்திருக்கிறார். தப்பில்லை.

மூத்தவள் அப்பாவின் நோட்டில் இரண்டு பக்கம் முன்னால் புரட்டினாள். தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்பு. இதைப் படித்திருந்தாள், சம்பந்தமில்லை என்று தாண்டியும் போயிருந்தாள். 'சோதனைக் குண்டு மூன்று. மூன்றும் 400 தள்ளி.' லாக் புத்தகத்தில் அதே தேதியைப் பார்த்தாள். அங்கேயும் அதே வரி இருந்தது.

ஆக, இருவருக்குமே தெரியும்.

போன மாதம் ஓர் ஆணிக்கடையில் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. தராசு இருநூறு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். சரி செய்துவிட்டு வந்தாள். மறுநாளே மறுபடி போன்: எடை தப்புகிறதாம். தராசைப் பிரித்து மேய்ந்தாள். ஒரு குறையும் இல்லை. கடைசியில் பார்த்தால், கடைக்காரர் பழைய பழக்கத்தில் இன்னும் மனதுக்குள் இருநூறைக் கழித்துக்கொண்டிருந்தார். தராசு செய்ததும் சரி, அவர் செய்ததும் சரி. ஒரே பிழையை இரண்டு பேர் திருத்தியதுதான் பிழை.

"அம்மா" என்றாள். "அப்பாவும் கர்னலும் அதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?"

"எப்படின்னா?"

"ஒருத்தர் வேலையை ஒருத்தர் பாத்துக்குவாங்களா?"

"அதையேன் கேக்கற. கல்யாணமாகி நான் முதல்ல கேம்ப்புக்கு வந்து இறங்கறேன், ஸ்டேஷன்ல ரெண்டு வண்டி நிக்குது. உங்கப்பா ஒண்ணு அனுப்பியிருக்காரு. இவன் மறந்துடுவான்னு கர்னல் இன்னொண்ணு அனுப்பியிருக்காரு. எப்பவும் இதே கூத்துதான். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டாங்க. அவன் செய்ய மாட்டான்னு நினைச்சு ரெண்டு பேருமே செஞ்சு வெச்சுடுவாங்க."

சொல்லி முடித்ததும் அம்மாவுக்கே ஏதோ பிடிபட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

---

ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. வெள்ளைத் தலைகள், கைத்தடிகள், மார்பில் பதக்கங்கள். கதவோரம் போலீஸ் இன்ஸ்பெக்டர். கையில் இரண்டு வெற்றுத்தாள். குக்கருக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. கூட்டம் முடிவதற்குள் யார் முதலில் எழுதித் தருகிறாரோ அவர் புகார் கொடுத்தவர், மற்றவர் உள்ளே போகிறவர் என்று சொல்லிவிட்டார். முன்வரிசையில் இருவரும் ஒரு நாற்காலி இடைவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரின் பேனா மூடி திறந்திருந்தது.

மூத்தவள் மைக் முன்னால் நின்றாள். எழுதி வைத்திருந்ததில் முதல் பக்கத்தை வாசித்தாள். முறிந்த காலோடு கர்னல் பதினோரு கிலோமீட்டர் நடந்து வந்தது. எழுதத் தெரியாத சிப்பாய்களுக்குத் தன் கையெழுத்தை இரவல் கொடுத்துக் கடிதம் எழுதித் தந்தது. ஓய்வுக்குப் பிறகு, கிரீச்சிடுகிறது என்று தெருவில் இருந்த அத்தனை இரும்புக் கேட்டுக்கும் யாரிடமும் கேட்காமல் எண்ணெய் விட்டது. சிலர் சிரித்தார்கள்.

பிறகு காகிதத்தை மடித்தாள்.

"அந்தக் காலையைப் பத்திச் சொல்லணும். ஒன்பது பேரைக் கொன்னது எதிரி குண்டு இல்லை. நம்ம குண்டு."

கூடத்தில் ஒரு கைத்தடி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஆறு பீரங்கி. பத்து நொடிக்கு ஒரு சுற்று, மொத்தம் மூணு சுற்று. குண்டு பறந்து போய் விழ இருபத்தஞ்சு நொடி ஆகும். முதல் குண்டு விழறதுக்குள்ள பதினெட்டும் கிளம்பிடுச்சு. எங்கப்பா பாறை மேல நின்னு பாத்துட்டிருந்தாரு. 'நிறுத்து'ன்னு பதினோரு தடவை கத்தினதா எழுதியிருக்காரு. நிறுத்த அங்க ஒண்ணுமே இல்லை. எல்லாம் வானத்துல இருந்தது. ஒன்பது பேர்ல நாலு பேரைத்தான் முழுசா மலையிலிருந்து கீழ இறக்க முடிஞ்சது. மத்தவங்களைத் தார்ப்பாயில அள்ளிட்டு வந்தாங்க. எந்தக் கை யாரோடதுன்னு வாட்சைப் பாத்துப் பிரிச்சது எங்கப்பா. அந்த வாட்சுகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் குடுத்தது கர்னல் மாமா."

முதல் முறையாக அவரை மாமா என்றாள். டாக்டரின் பேனா தாளின் மேல் அசையாமல் நின்றது.

"எங்கப்பா தன் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாரு. சரியா இருந்தது. அப்போ தப்பு பீரங்கிகிட்டதான்னு நினைச்சாரு. கர்னல் மாமாவும் தன் கணக்கைப் போட்டுப் பாத்தாரு. அதுவும் சரியா இருந்தது. அப்போ தப்பு இலக்கு சொன்னவர்கிட்டதான்னு நினைச்சாரு. ரெண்டு நோட்டையும் சேர்த்து வெச்சு யாரும் பாக்கலை. இன்னிக்குத்தான் பாத்தோம்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"எதிரி இருந்தது ஏழாயிரத்து நானூறுல. மலையில குண்டு நானூறு தள்ளி விழும்னு எங்கப்பா அதுல நானூறு கழிச்சு ஏழாயிரம்னு சொன்னாரு. கர்னல் மாமாவும் அதையே நினைச்சு, ஏழாயிரத்துல இன்னொரு நானூறு கழிச்சு ஆறாயிரத்து அறுநூறுக்குச் சுட்டாரு. குண்டு எப்பவும்போல நானூறு தள்ளிப் போய் ஏழாயிரத்துல விழுந்தது."

முன்வரிசையில் டாக்டர் பேனாவை மூடினார்; குக்கர் தன் வெற்றுத்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டான்.